அசையா வட்டியும் அசையும் விலையும்: மைய வங்கி வட்டி விகிதத்தை நிலைநிறுத்துதல் – தாமல், காஞ்சி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இந்திய ரிசர்வ் வங்கி 2023 பிப்ரவரியில் 6.50 விழுக்காடாக உயர்த்திய ரெப்போ விகிதத்தை 2025 பிப்ரவரி வரை மாற்றாமல் வைத்திருந்தது. இந்த நீண்ட நிலைநிறுத்தம் சரியா, தவறா என்னும் விவாதம் பெரும்பாலும் தேசிய அளவிலான பணவீக்கம், வளர்ச்சி ஆகிய இரு எண்களைச் சுற்றியே நிகழ்ந்தது. இக்கட்டுரை அவ்விவாதத்தைக் கோயிலும் நெசவும் வேளாண்மையும் கூடிய காஞ்சிபுர வட்டாரத்தின் கடன், வைப்பு முறைகளோடு பொருத்திப் பார்க்கிறது. சோழர்காலக் கோயில் கொடைகளில் காணப்படும் நிலையான பொலிசை முறை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. பெயரளவு வட்டி அசையாமல் நிற்கும்போதும் மெய் வட்டி அசைகிறது. கடன் வட்டி மாறாதபோதும் அதன் சுமை யார் மேல் விழுகிறது என்பது மாறுகிறது. எனவே, வட்டியை நிலைநிறுத்துவதைச் செயலின்மை எனக் கருத இயலாது. அதுவும் காரணம் கூறப்பட வேண்டிய ஒரு முடிவே என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்

ரெப்போ விகிதம், மெய் வட்டி, பணவீக்கம், பொலிசை, கோயில் வைப்புநிதி, நெசவாளர் கடன், காஞ்சிபுரம், தாமல்

1. முன்னுரை

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, பெரிய ஏரி ஒன்றால் அறியப்படும் ஊர் தாமல். வராகீஸ்வரர் கோயிலும் தாமோதரப் பெருமாள் கோயிலும் இங்குள்ளன. ஏரிப்பாசன வேளாண்மை, காஞ்சிப் பட்டு நெசவு, கோயில் சார்ந்த வாழ்வு ஆகிய மூன்றும் பின்னிக் கிடக்கும் வட்டாரம் இது. மும்பையில் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கூடும் குழு ஒன்று அறிவிக்கும் ஒற்றை எண், இத்தகைய வட்டாரத்தில் எவ்வழியாக, யாரை, எவ்வளவு தொடுகிறது என்பது பொருளியல் கேள்வி மட்டுமன்று. சமூக வரலாற்றுக் கேள்வியும் ஆகும்.

இக்கட்டுரை களக் கணக்கெடுப்பின் அடிப்படையில் அமைந்ததன்று. நடைமுறையிலுள்ள கடன், வைப்புத் திட்டங்களின் விதிகளையும், ரிசர்வ் வங்கியின் அறிவிக்கப்பட்ட முடிவுகளையும், கல்வெட்டு, செப்பேட்டுச் செய்திகளையும் வகைப்படுத்தி விளக்குவதே இதன் முறை. தாமல் இங்கு ஒரு வகைமாதிரியாகக் கொள்ளப்படுகிறது.

2. ரெப்போ விகிதமும் அதை முடிவு செய்யும் அமைப்பும்

வணிக வங்கிகள் அரசுக் கடன் பத்திரங்களை ஈடாக வைத்து ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலக் கடன் பெறும்போது செலுத்தும் வட்டியே ரெப்போ விகிதம். வங்கிகளின் பணத்திரட்டுச் செலவு இதனை ஒட்டி நகர்வதால் பிற வட்டிகளுக்கு இது அடிப்படையாகிறது.

1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டு, இவ்விகிதத்தை முடிவு செய்யும் பொறுப்பு ஆறு உறுப்பினர் கொண்ட பணவியல் கொள்கைக் குழுவிடம் அளிக்கப்பட்டது. மூவர் ரிசர்வ் வங்கியைச் சேர்ந்தவர்கள். மூவர் ஒன்றிய அரசால் அமர்த்தப்படும் வெளி உறுப்பினர்கள். வாக்குகள் சமமானால் ஆளுநருக்கு இரண்டாம் வாக்கு உண்டு. நுகர்வோர் விலைப் பணவீக்கத்தை 4 விழுக்காட்டில், இருபுறமும் 2 விழுக்காடு நெகிழ்வுடன், பேணுவது குழுவின் இலக்கு. தொடர்ந்து மூன்று காலாண்டுகள் இவ்வரம்பு மீறப்பட்டால் ரிசர்வ் வங்கி அரசுக்கு எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். 2022இன் முதல் மூன்று காலாண்டுகளில் சராசரிப் பணவீக்கம் 6 விழுக்காட்டைத் தாண்டியதால், அந்த ஆண்டு நவம்பரில் முதன்முறையாக இக்கடமை நிறைவேற்றப்பட்டது.

இவ்வமைப்பில் 'மாற்றமில்லை' என்பதும் வாக்கெடுப்பின் முடிவே. ஒவ்வோர் உறுப்பினரும் தம் வாக்கிற்கான காரணத்தைப் பதிவு செய்கிறார், அக்குறிப்புகள் வெளியிடப்படுகின்றன. நிலைநிறுத்தம் குறித்த விவாதத்திற்கு இக்குறிப்புகளே முதன்மைச் சான்றுகள்.

3. இரு நிலைநிறுத்தங்கள்

3.1 நான்கு விழுக்காட்டுக் காலம் (2020–2022)

கொரோனாப் பெருந்தொற்றின் தொடக்கத்தில் 2020 மார்ச் 27 அன்று 75 அடிப்படைப் புள்ளிகளும், மே 22 அன்று 40 புள்ளிகளும் குறைக்கப்பட்டு ரெப்போ 4.00 விழுக்காடாயிற்று. நூறு அடிப்படைப் புள்ளிகள் ஒரு விழுக்காடு. அந்நிலை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடித்தது. தறிகள் நின்று, திருமணங்கள் சுருங்கி, கோயில் நடைகள் அடைக்கப்பட்டிருந்த காலத்தில் வட்டியைத் தாழ்வாக வைத்ததற்கு வலுவான காரணம் இருந்தது. ஆயினும் 2021இன் பிற்பகுதியில் நிலைமை மாறத் தொடங்கியது. குழுவின் வெளி உறுப்பினர் ஜெயந்த் வர்மா, தளர்வான கொள்கை தொடரும் என்னும் அறிவிப்புக்கு எதிராக 2021 ஆகஸ்ட் கூட்டத்திலேயே மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார்.

உக்ரைன் போருக்குப் பின் 2022 ஏப்ரலில் பணவீக்கம் 7.79 விழுக்காட்டைத் தொட்டது. வழக்கமான கால அட்டவணைக்கு வெளியே கூடிய குழு, மே 4 அன்று 40 புள்ளிகள் உயர்த்தியது. அடுத்தடுத்து ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிய மாதங்களில் 50 புள்ளிகள் வீதமும், டிசம்பரில் 35 புள்ளிகளும், 2023 பிப்ரவரியில் 25 புள்ளிகளும் உயர்ந்தன. பத்து மாதங்களுக்குள் 250 புள்ளிகள் ஏறின. நிலைநிறுத்தம் தேவைக்கு மேல் நீண்டால், பின்னர் வரும் மாற்றம் செங்குத்தாக அமையும் என்பதற்கு இக்காலம் சான்று.

3.2 ஆறரை விழுக்காட்டுக் காலம் (2023–2025)

2023 ஏப்ரல் முதல் 2024 டிசம்பர் வரை தொடர்ந்து பதினொரு கூட்டங்களில் 6.50 விழுக்காடு மாற்றப்படவில்லை. இக்காலத்தின் தொடக்கத்திலேயே ஒரு சோதனை நேர்ந்தது. தக்காளி உள்ளிட்ட காய்கறி விலையேற்றத்தால் 2023 ஜூலையில் பணவீக்கம் 7.44 விழுக்காடாயிற்று. குழு வட்டியை உயர்த்தவில்லை. வரத்துக் குறைவால் எழுந்த விலையேற்றம் வரத்துச் சீரானதும் தணியும் என்பது அதன் கணிப்பு. அக்டோபரில் பணவீக்கம் 4.87 விழுக்காடாக இறங்கியது. வட்டியை உயர்த்தித் தக்காளி விளைவிக்க முடியாது என்னும் எளிய உண்மையை மதித்த முடிவு அது.

2024இல் வினா வேறு திசையில் எழுந்தது. உணவு நீங்கலான பணவீக்கம் தணிந்தபோதும் உணவுப் பணவீக்கம் உயர்ந்தே நின்றது. 2024 பிப்ரவரி முதல் வர்மா வட்டிக் குறைப்புக்கு வாக்களித்தார். ஜூன், ஆகஸ்ட் கூட்டங்களில் அஷிமா கோயலும் அவருடன் சேர, வாக்கு 4–2 எனப் பிரிந்தது. அக்டோபரில் வெளி உறுப்பினர்கள் மூவரும் மாறினர்; ஆயினும் மாறுபட்ட வாக்குகள் தொடர்ந்தன. நாகேஷ் குமார் அக்டோபரிலும், அவருடன் ராம் சிங் டிசம்பரிலும் குறைப்பை ஆதரித்தனர். 2021இல் தளர்வை எதிர்த்த வர்மாவே 2024இல் தளர்வைக் கோரினார் என்பது கருதத்தக்கது. இரு நிலைப்பாடுகளிலும் அவர் அளவுகோலாகக் கொண்டது மெய் வட்டியே. ஆதலால் இதில் முரண்பாடு இல்லை.

எதிர்த்தரப்பின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் எடை 45.86 விழுக்காடு. மக்கள் விலைவாசியை உணர்வது அரிசி, காய்கறி, எண்ணெய் வழியாகவே. உணவு விலை நீண்டகாலம் உயர்ந்தே நின்றால் கூலி எதிர்பார்ப்பும் உயர்ந்து, விலையேற்றம் பிற பொருள்களுக்குப் பரவும். இலக்கில் உணவைச் சேர்க்கலாமா என்னும் கேள்வியை 2023–24 பொருளாதார ஆய்வறிக்கையே எழுப்பியது. 2024 அக்டோபரில் பணவீக்கம் 6.21 விழுக்காடாகி வரம்பை மீறியபோது, காத்திருந்தோரின் அச்சம் ஒருபுறம் மெய்யாயிற்று. ஜூலை–செப்டம்பர் காலாண்டின் வளர்ச்சி 5.4 விழுக்காடு என்னும் முதல் மதிப்பீடு நவம்பர் இறுதியில் வெளியானபோது, குறைப்பைக் கோரியோரின் அச்சமும் மெய்யாயிற்று.

சக்திகாந்த தாஸின் பதவிக்காலம் முடிந்து 2024 டிசம்பரில் சஞ்சய் மல்ஹோத்ரா ஆளுநரானார். 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் 25 புள்ளிகள் வீதமும், ஜூனில் 50 புள்ளிகளும் குறைக்கப்பட்டு ரெப்போ 5.50 விழுக்காடாயிற்று. ஆகஸ்ட், அக்டோபர் கூட்டங்கள் மீண்டும் நிலைநிறுத்தின. டிசம்பரில் 5.25 ஆகக் குறைந்தது.

4. அசையா எண்ணுக்குள் அசைவு

பெயரளவு வட்டியிலிருந்து பணவீக்கத்தைக் கழித்தால் கிடைப்பது மெய் வட்டி. முதலில் வெளியிடப்பட்ட பணவீக்க மதிப்பீடுகளைக் கொண்டு கணக்கிட்டால் பின்வரும் நிலை தெரிகிறது (எண்கள் விழுக்காட்டில்).

2022 ஏப்ரல்: ரெப்போ 4.00, பணவீக்கம் 7.79, மெய் வட்டி –3.79
2023 ஜூலை: ரெப்போ 6.50, பணவீக்கம் 7.44, மெய் வட்டி –0.94
2023 அக்டோபர்: ரெப்போ 6.50, பணவீக்கம் 4.87, மெய் வட்டி 1.63
2024 ஜூலை: ரெப்போ 6.50, பணவீக்கம் 3.54, மெய் வட்டி 2.96
2024 அக்டோபர்: ரெப்போ 6.50, பணவீக்கம் 6.21, மெய் வட்டி 0.29
2025 அக்டோபர்: ரெப்போ 5.50; பணவீக்கம் 0.25, மெய் வட்டி 5.25

கடன் வாங்குவோரும் கொடுப்போரும் எதிர்காலப் பணவீக்கத்தையே கருதுவர். ஆதலால் நடப்பு மாத எண்ணைக் கழிப்பது தோராயமான அளவீடே. இருப்பினும் செய்தி தெளிவு. 6.50 என்னும் ஒரே எண்ணின் கீழ் மெய் வட்டி எதிர்மறையிலிருந்து ஏறத்தாழ 3 விழுக்காடு வரை அசைந்துள்ளது. 2025 அக்டோபரில் வட்டி முந்தைய ஆண்டைவிட ஒரு விழுக்காடு குறைந்திருந்தும், மெய் வட்டி பன்மடங்கு உயர்ந்திருந்தது. விலை வீழும்போது வட்டியை நிலைநிறுத்துவது கொள்கையை இறுக்குவதாகும். விலை ஏறும்போது நிலைநிறுத்துவது தளர்த்துவதாகும்.

மேலும், விகிதம் நின்றபோதும் பிற கருவிகள் இயங்கின. 2023 ஆகஸ்டில் ரெப்போ மாறாதிருக்க, வைப்புத்தொகைகளின் கூடுதல் பகுதிக்கு 10 விழுக்காடு கூடுதல் ரொக்க இருப்பு தற்காலிகமாக விதிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் ஈடற்ற நுகர்வுக் கடன்களுக்கான இடர் எடை 100 விழுக்காட்டிலிருந்து 125 ஆக உயர்த்தப்பட்டது. 2024 டிசம்பரில் ரெப்போ நிற்க, ரொக்க இருப்பு விகிதம் 4.5லிருந்து 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. முதலிரண்டும் இறுக்கம், மூன்றாவது தளர்வு. 'மாற்றமில்லை' என்னும் தலைப்புச் செய்தி இவற்றை மறைத்துவிடுகிறது.

5. நிலையான பொலிசை: ஓர் ஒப்பீடு

வட்டியை நிலையாக வைத்திருப்பது பற்றிய சிந்தனை தமிழ் மரபுக்குப் புதிதன்று. இடைக்காலக் கோயில் கொடைகள் 'சந்திராதித்தர் உள்ளவரை' நீடிக்க வேண்டும் என்னும் நோக்கில் அமைந்தவை. முதல் அழியக்கூடாது, அதன் வட்டியாகிய பொலிசையிலிருந்தே விளக்கும் வழிபாடும் நடைபெற வேண்டும். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் இராசராசன் காலக் கல்வெட்டுகளில், ஊர்ச் சபையாரும் பிறரும் பெற்ற காசுக்கு ஆண்டுக்குக் காசொன்றுக்கு அரைக்கால் பொலிசை என்னும் வீதம் காணப்படுகிறது. அரைக்கால் என்பது எட்டில் ஒன்று, அதாவது 12.5 விழுக்காடு.

காஞ்சிக்கும் நெசவுக்கும் நேரடித் தொடர்புள்ள சான்று, சென்னை அருங்காட்சியகத்திலுள்ள உத்தம சோழன் செப்பேடு. காஞ்சிபுரத்து ஊரகத்துக் கோயிலின் அறக்கட்டளைகளை அது ஒழுங்குபடுத்துகிறது. அந்நகரின் நெசவாளர் சேரிகள் நான்கின் மக்களுக்கு அக்கோயில் காரியங்களில் பொறுப்பளிக்கப்பட்டதை அது கூறுகிறது. ஊரார் பொன்னை முதலாகப் பெற்று அதற்கு வட்டியாக நெல் அளக்கும் ஏற்பாடும் அதில் இடம்பெறுகிறது. இன்று கடன் பெறுவோராக மட்டுமே பேசப்படும் நெசவாளர், பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் பொதுநிதியைக் காத்து நடத்துவோராகவும் இருந்துள்ளனர்.

நுந்தா விளக்குக்கு ஆடுகளைக் கொடுக்கும் வழக்கம் மேலும் நுட்பமானது. 90 அல்லது 96 ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். இறப்பை ஈடுசெய்து எண்ணிக்கை மாறாமல் பேணப்படும் இவ்வாடுகள் 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. இங்கு வட்டி காசாகக் குறிக்கப்படவில்லை. தேவைப்படும் பொருளாகவே குறிக்கப்பட்டது. நெய் விலை ஏறினாலும் இறங்கினாலும் விளக்குக்கு உழக்கு நெய் கிடைத்துவிடும். இன்றைய சொல்லில் கூறினால், காசு வட்டி பெயரளவு வட்டியை நிலைநிறுத்தியது. பொருள் வட்டி மெய் வட்டியை நிலைநிறுத்தியது.

இம்முறையின் மறுபக்கமும் கருதத்தக்கது. விலை மாற்றத்தின் இடர் கோயிலிலிருந்து நீங்கியதே ஒழிய மறையவில்லை. அது இடையர் மேலும் ஊரார் மேலும் ஏறியது. வறட்சியிலும் நோயிலும் மந்தை குறைந்தாலும் அளவு குறையாது. வட்டியை மாற்றும் அதிகாரம் படைத்த அமைப்பு எதுவும் இவ்வேற்பாட்டில் இல்லை. மைய வங்கி என்னும் நிறுவனம் இவ்விடத்தில்தான் வேறுபடுகிறது. நிலையாக வைத்திருப்பதற்கும் மாற்றுவதற்கும் அதற்கு உரிமை உண்டு. எனவே நிலையாக வைத்திருப்பதன் விளைவுக்கும் அது பொறுப்பாகிறது.

6. இன்றைய வட்டாரத்தில் ரெப்போ செல்லும் வழிகள்

6.1 கோயில் வைப்புநிதி

வருவாய் குறைந்த கோயில்களில் நாள்தோறும் ஒருவேளைப் பூசையேனும் நடைபெற, தமிழ்நாடு அரசின் ஒருகால பூசைத் திட்டம் செயல்படுகிறது. கோயில் ஒன்றுக்கு 1 இலட்சம் ரூபாயாக இருந்த வைப்புநிதி பின்னர் 2 இலட்சமாக உயர்த்தப்பட்டது. அதன் வட்டியே பூசைச் செலவுக்கு ஆதாரம். அமைப்பு முறையில் இது பொலியூட்டின் தொடர்ச்சியே: முதல் அழியாது, வட்டி செலவாகும். ஆனால், பொருளாக இருந்த வட்டி முழுவதும் ரூபாயாகிவிட்டது.

2 இலட்சம் ரூபாய்க்கு 7 விழுக்காடு வட்டி எனக் கொண்டால் ஆண்டுக்கு 14,000 ரூபாய். நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 ரூபாய். 6 விழுக்காடானால் 12,000. நாளொன்றுக்கு ஏறத்தாழ 33 ரூபாய். எண்ணெய், அரிசி, பூ ஆகியவற்றின் விலை ஏறும் காலத்தில் வைப்பு வட்டி நின்றாலும் விளக்கு சுருங்கும். வட்டி இறங்கினால் மேலும் சுருங்கும். வட்டிக் குறைப்பு வளர்ச்சிக்கு நல்லது என்னும் பொதுக்கூற்று, வட்டியை நம்பி வாழ்வோருக்கு, அதாவது கோயில் நிதிக்கும் ஓய்வுபெற்றோருக்கும் கைம்பெண்களின் சிறு சேமிப்புக்கும், அப்படியே பொருந்துவதில்லை. வைப்பு முதிரும் நாளில்தான் புதிய வட்டி அமையும் என்பதால் இவ்விளைவு தாமதித்து வருகிறது. வரும்போது ஓராண்டு அல்லது பல ஆண்டுகளுக்கு நிலைத்துவிடுகிறது.

6.2 வேளாண் கடன்

3 இலட்சம் ரூபாய் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு வட்டி 7 விழுக்காடு. உரிய காலத்தில் செலுத்தினால் 3 விழுக்காடு ஊக்கக் கழிவு உண்டு. தமிழ்நாட்டுக் கூட்டுறவு நிறுவனங்களில் உரிய காலத்தில் திருப்பிச் செலுத்தும் பயிர்க்கடனுக்கு உழவர் வட்டியே செலுத்துவதில்லை. அதை மாநில அரசு ஏற்கிறது. ரெப்போ 4 விழுக்காடாக இருந்தபோதும் 6.50 ஆனபோதும் உழவருக்கு இவ்வட்டி மாறவில்லை. மாறியது நிதி திரட்டும் செலவு; அதைத் தாங்கியவை வங்கிகளும் கருவூலமும். ஏரிப்பாசன உழவரைப் பொறுத்தவரை, வட்டியைவிட ஏரியின் நீர்மட்டமும் நெல் கொள்முதல் விலையுமே முடிவு செய்யும் காரணிகள்.

6.3 நெசவுக் கடன்

காஞ்சிப் பட்டுச் சேலையின் பொருட்செலவு அதிகம். பட்டு நூலும் ஜரிகையும் வாங்கிப் பாவு ஓட்டி, கோர்வை போட்டு நெய்து, விற்றுப் பணமாகும்வரை முதல் தறியிலும் அலமாரியிலும் முடங்கிக் கிடக்கும். ஆதலால் நடைமுறை மூலதனக் கடனே இத்தொழிலின் உயிர்நாடி. அக்கடன் மூன்று நிலைகளில் வெவ்வேறு முகம் கொள்கிறது.

முதலாவது, பல தறிகளுக்கு நூலும் ஜரிகையும் கொடுத்து நெய்விக்கும் உற்பத்தியாளர். 2019 அக்டோபர் 1 முதல், வணிக வங்கிகள் சிறு, குறுந்தொழில்களுக்கு வழங்கும் புதிய மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் பிணைக்கப்பட வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் வட்டி திருத்தப்பட வேண்டும். இவர் பெற்ற 10 இலட்சம் ரூபாய்க் கடனில் 250 புள்ளி உயர்வு ஆண்டுக்கு 25,000 ரூபாய் கூடுதல் சுமை. நிலைநிறுத்தம் இவருக்கு ஆறுதல் தருவது, கணக்கிட்டு விலை வைக்க முடியும் என்பதால்தான்.

இரண்டாவது, சொந்தமாக நெய்யும் நெசவாளர். நெசவாளர் முத்ரா திட்டத்தில் அவர் செலுத்தும் வட்டி 6 விழுக்காடு. வங்கி வட்டிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை 7 விழுக்காடு வரை ஒன்றிய அரசு மானியமாக ஏற்கிறது. ரெப்போ ஏறினால் மானியச் செலவு ஏறும். நெசவாளரின் தவணை ஏறாது. கூட்டுறவுச் சங்கங்களோ மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிவழிக் காசுக் கடனை நம்பியவை. வெளி அளவுகோல் விதி அவ்வங்கிகளுக்குப் பொருந்தாது.

மூன்றாவது, கூலிக்கு நெய்யும் நெசவாளர். இவர் உற்பத்தியாளரிடம் பெறும் முன்பணத்திற்குப் பெரும்பாலும் வட்டி எழுதப்படுவதில்லை. ஆனால், அப்பணம் தீரும்வரை வேறிடத்தில் நெய்யும் உரிமை கட்டுப்படுகிறது. கூலியைப் பேரம் பேசும் வலு குறைகிறது. வட்டி இங்குக் கூலிக்குள் ஒளிந்திருக்கிறது. எந்தப் பணவியல் கொள்கை அறிக்கையும் எட்டாத வட்டி இது.

6.4 நகைக் கடனும் நுண்கடனும்

அவசரத் தேவைக்கு நகையை அடகு வைப்பதே தமிழ்நாட்டுக் குடும்பங்களின் முதல் வழி. இங்குக் கடனளவை முடிவு செய்வது வட்டியைவிடப் பொன் விலையும், அதன் மதிப்பில் எவ்வளவு கடன் தரலாம் என்னும் விதியுமே. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள் 2.5 இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு மதிப்பில் 85 விழுக்காடு வரை அனுமதித்தன. சிறு கடனாளருக்கு அம்மாதத்து அரை விழுக்காட்டு ரெப்போ குறைப்பைவிட இவ்விதியின் விளைவு பெரிது. நுண்கடன் நிறுவனங்களின் வட்டிக்கு இருந்த உச்சவரம்பு 2022 முதல் நீக்கப்பட்டது. ரெப்போவில் கால் விழுக்காடு குறைந்தால் அவற்றின் கடனாளருக்கு அது தெரிவதே அரிது. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருந்தும் தொடரும் அன்றாட வட்டி, மீட்டர் வட்டி ஆகியவை இவ்வளையத்துக்கு முற்றிலும் வெளியே உள்ளன.

6.5 தேவை வழி

கடன் வட்டி நேரடியாகத் தொடாதபோதும் ரெப்போ மறைமுகமாக வந்து சேர்கிறது. இருபது ஆண்டு தவணையில் 30 இலட்சம் ரூபாய் வீட்டுக் கடனுக்கு 7 விழுக்காட்டு வட்டியில் மாதத் தவணை ஏறத்தாழ 23,260 ரூபாய், 9.5 விழுக்காட்டில் 27,960 ரூபாய். மாதம் 4,700 ரூபாய் கூடுதலாகச் செலுத்தும் நகரக் குடும்பம், முகூர்த்தச் சேலையின் எண்ணிக்கையைக் குறைக்கும். அல்லது ஜரிகை குறைந்த சேலைக்கு மாறும். அக்குடும்பம் கடைக்குச் சென்று எடுக்கும் முடிவு, சில மாதங்கள் கழித்துத் தறிக்குப் பாவு வராமையாக வெளிப்படுகிறது. இதற்கிடையில் 2025இல் பொன், வெள்ளி விலைகள் கடுமையாக உயர்ந்ததால் ஜரிகைச் செலவும் ஏறியது. வட்டி குறைந்த ஆண்டிலேயே சேலையின் அடக்கவிலை கூடியது என்பது, வட்டி ஒன்றே தொழிலின் நிலையை முடிவு செய்யாது என்பதைக் காட்டுகிறது.

7. நிலைநிறுத்தம் எப்போது தகும்?

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று அளவுகோல்களை வகுக்கலாம்.

முதலாவது, விலையேற்றத்தின் மூலம். 2023 ஜூலை போல வரத்துக் குறைவால் எழுந்து விரைவில் தணியும் விலையேற்றத்திற்கு நிலைநிறுத்தம் தகும். 2022 போல அது எரிபொருள், போக்குவரத்து, பண்டங்கள் எனப் பரவும்போது தகாது. அண்டை நாடான இலங்கை இதற்குக் கடுமையான எடுத்துக்காட்டு. வட்டியைத் தாழ்வாகவே வைத்திருந்த அந்நாட்டு மைய வங்கி, அன்னியச் செலாவணி தீர்ந்த நிலையில் 2022 ஏப்ரலில் ஒரே நாளில் 7 விழுக்காடு உயர்த்த நேர்ந்தது. செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 விழுக்காட்டை நெருங்கியது. பாலும் மருந்தும் வாங்க இயலாமல் யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் குடும்பங்கள் பட்ட துயரில், காலம் தாழ்ந்த முடிவுகளுக்கும் பங்குண்டு. எனினும், அந்நெருக்கடிக்கு வரிக்குறைப்பும் வெளிக்கடனும் கூடக் காரணங்கள். வட்டியை மட்டும் பழிப்பது பொருந்தாது.

இரண்டாவது, முந்தைய மாற்றங்களின் எஞ்சிய விளைவு. வட்டி மாற்றம் கடனுக்கும் தேவைக்கும் பரவப் பல மாதங்கள் ஆகும். 250 புள்ளிகள் ஏற்றியபின் அவை ஊடுருவக் காத்திருப்பது அறிவுடைமை. விளைவு உறுதியாகத் தெரியாதபோது சிறிதளவே செயல்பட வேண்டும் என வில்லியம் பிரெய்னார்டு 1967இல் முன்வைத்த கருத்தும் இதையே வலியுறுத்துகிறது. அமெரிக்க மைய வங்கியும் 2023 ஜூலை முதல் 2024 செப்டம்பர் வரை தன் விகிதத்தை 5.25–5.50 என நிலைநிறுத்தியது இக்காரணத்தால்தான்.

மூன்றாவது, மெய் வட்டியின் போக்கு. பெயரளவு விகிதம் நிற்கும்போது மெய் வட்டி தொடர்ந்து ஒரே திசையில் நகருமானால், நிலைநிறுத்தம் அறிவிக்கப்படாத கொள்கை மாற்றமாகிவிடுகிறது. அத்தகைய சூழலில் மாற்றத்திற்கு மட்டுமன்றி, மாற்றாமைக்கும் விளக்கம் தேவை.

இவ்வளவுகோல்களின்படி 2023ஆம் ஆண்டின் நிலைநிறுத்தம் நியாயமானது. 2024இன் நடுப்பகுதியில் மெய் வட்டி 3 விழுக்காட்டை நெருங்கியபோது மாறுபட்டு வாக்களித்தோரின் வாதம் வலுவானது. ஆனால் அக்டோபர் எண் காட்டியவாறு உணவு விலை இன்னும் அடங்கவில்லை என்பதால் பெரும்பான்மையின் தயக்கமும் அடிப்படையற்றதன்று. 2025இன் பிற்பகுதியில் பணவீக்கம் சுழியத்தை ஒட்டி வந்தபோது மீண்டும் நிலைநிறுத்தியதே எளிதில் காரணம் காட்ட இயலாத முடிவு. டிசம்பர் குறைப்பு அதை ஓரளவு ஈடுசெய்தது.

8. முடிவுரை

வட்டியை நிலைநிறுத்த வேண்டுமா என்னும் கேள்விக்கு எக்காலத்துக்கும் பொருந்தும் விடை இல்லை. நிலைத்த எண் நிலைத்த வாழ்வாகிவிடாது என்பதே இவ்வாய்வு காட்டும் உண்மை. கடன் வாங்கிய உற்பத்தியாளருக்கும் வைப்பு வட்டியில் விளக்கேற்றும் கோயிலுக்கும் ஒரே முடிவு எதிரெதிர் விளைவைத் தருகிறது. உழவருக்கும் முத்ரா நெசவாளருக்கும் அது நேரடியாக எட்டுவதில்லை. அவர்களுக்குரிய மாற்றத்தைக் கருவூலம் தாங்குகிறது. முன்பணத்தில் கட்டுண்ட கூலி நெசவாளரையும் கந்துவட்டிக் கடனாளரையும் அது தீண்டுவதே இல்லை.

ஆகவே இரு பரிந்துரைகள் முன்வைக்கத்தக்கன. ஒன்று, வழிபாட்டுக்கும் அறத்துக்கும் ஒதுக்கப்படும் வைப்புநிதிகள் விலைக்குறியீட்டை ஒட்டிக் குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுமதிப்பீடு செய்யப்பட வேண்டும். உழக்கு நெய் என அளவு குறித்த முன்னோரின் நோக்கம் அதனால் நிறைவேறும். அவர்கள் காலத்தில் இடையர்மேல் விழுந்த சுமையும் யார்மேலும் விழாது. மற்றொன்று, வட்டிக் குறைப்பின் பயன் கூட்டுறவு, நுண்கடன் வழிகளில் கடைநிலைக் கடனாளரைச் சேர்கிறதா என்பதை வட்டார அளவில் அளந்து வெளியிட வேண்டும். தாமல் போன்ற ஊர்களில் நிறுவனக் கடனுக்கும் முன்பணத்துக்கும் இடையிலான விகிதத்தை வீடுவாரியாகக் கணக்கெடுக்கும் கள ஆய்வுகள் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்கவை.